மிக்ஸர் மேஜை பதில்கள்: மோதிரமும் நீலத்திரையும்

போன இதழில் ஒரு பதிலின் ஓரத்தில், 1991-இல் சோவியத் யூனியனின் லெனின்கிராட் தொலைக்காட்சி, ஆங்கில எழுத்தாளர் டோல்கீனின் மாயக்கதை நாவலை வைத்து எடுத்த ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பற்றி இரண்டு வரி எழுதி, ‘பீட்டர் ஜாக்சன் படத்தைவிட எனக்கு இதன்மேல் பாசம் அதிகம்’ என்று முடித்திருந்தேன். சும்மா விடுவீர்களா? இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்குமேல் அதைப் பற்றித்தான். சில கடிதங்களில் நல்ல திட்டும் இருந்தது. சரி, இந்த இதழ் முழுக்க அதற்கே.

எம்.கே., ஈரோடு: அப்படி ஒரு படம் உண்மையிலேயே இருக்கிறதா? எங்கள் வீட்டில் யாரும் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

இருக்கிறது. பெயர் ‘ஹ்ரானிதெலி’. காவலர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாவலின் முதல் பாகத்துக்கு முராவ்யோவ், கிஸ்தியாகோவ்ஸ்கி இருவரும் தங்கள் ரஷ்ய மொழிபெயர்ப்பில் வைத்த தலைப்பு அது. அந்த முதல் பாகத்தைத்தான் எடுத்திருக்கிறார்கள். இயக்கியவர் நத்தாலியா செரெப்ரியகோவா. 1991 ஏப்ரல் 13, 14 தேதிகளில் இரண்டு பகுதிகளாக ஒளிபரப்பானது. அதற்கப்புறம் முப்பது வருடம் ஆளையே காணோம். ரஷ்யாவின் டோல்கீன் ரசிகர்கள் ‘ஆவணக் காப்பகத்தில் தேடுங்கள், தேடுங்கள்’ என்று நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். லெனின்கிராட் தொலைக்காட்சிக்கு வாரிசாக வந்த ஐந்தாம் சேனல், 2021 மார்ச் கடைசியில் இரண்டு பகுதிகளையும் யூடியூபில் ஏற்றியது. சில நாட்களுக்குள் லட்சக்கணக்கானவர்கள் பார்த்துவிட்டார்கள்.

இரண்டும் சேர்ந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். சினிமா என்று எண்ணி உட்காராதீர்கள். தொலைக்காட்சி ஸ்டுடியோவுக்குள் நாடக நடிகர்களை வைத்து எடுக்கும் நாடகம் இது. அந்த ஊரில் இதற்குப் பெரிய மரபே உண்டு. மாய மோதிரத்தைச் சுமந்து செல்லும் ஃப்ரோடோவாக (‘ஹாபிட்’ என்ற குள்ள இனத்தவன்) வலேரி தியாச்சென்கோ, மந்திரவாதி கேண்டால்ஃபாக விக்டர் கோஸ்தெத்ஸ்கி. வனத்து அரசி கலாட்ரியலாக நடித்தவர் யார் தெரியுமா? எலேனா சொலவேய். 1976-இல் நிகிதா மிகால்கோவின் ‘காதலின் அடிமை’ படத்தில் கதாநாயகியாக நடித்தவர், அங்கே பெரிய நட்சத்திரம். இந்த நாடகம் வெளியான அதே 1991-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்.

இசையமைத்தவர் ஆந்த்ரேய் ரொமானோவ். லெனின்கிராடின் புகழ்பெற்ற ‘அக்வாரியம்’ ராக் குழுவில் புல்லாங்குழல் வாசித்தவர். கதைசொல்லியாகத் திரையில் வந்து நிற்பவரும் அவரேதான். இந்தக் கதைசொல்லியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ஆர்.எஸ்., பொள்ளாச்சி: யூடியூபில் பத்து நிமிடம் பார்த்தேன். பள்ளிக்கூட ஆண்டு விழா நாடகம் மாதிரி இருக்கிறது. ஆட்களைச் சுற்றி நீலக்கோடு வேறு. இதையா மேடம் பாராட்டுகிறீர்கள்?

நீலக்கோடு கண்ணில் பட்டதா? அப்படியானால் நீங்கள் சரியான ஆள்தான். அதைப் பற்றி மூச்சுவிடாமல் பேச என்னால் முடியும். புதிதாகப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்: நான் பணி ஓய்வு பெறும்வரை ஒரு தொலைக்காட்சி நிலையத்தில் விஷன் மிக்ஸர் மேஜையில், அதாவது பல கேமராக்களின் படங்களை மாற்றியும் கலந்தும் விடும் கருவியின் முன்னால், உட்கார்ந்திருந்தவள். பகுதியின் பெயர் அங்கிருந்து வந்தது, தின்கிற மிக்ஸரிலிருந்து அல்ல.

குரோமா கீ என்பது இதுதான். நடிகரை நீலத்திரைக்கு முன்னால் நிறுத்துகிறோம். படத்தில் எங்கெல்லாம் நீலம் இருக்கிறதோ, அங்கெல்லாம் வேறொரு கேமராவின் படத்தை மிக்ஸர் நுழைத்துவிடும். இன்று கணினி ஒவ்வொரு ஃப்ரேமாக எடுத்து முடியிழை முடியிழையாகப் பிரிக்கிறது. எங்கள் காலத்தில் கிளிப், கெயின் என்று திருகு குமிழ்கள்தான். கிளிப்பைக் கொஞ்சம் கூட்டினால் நடிகையின் கூந்தல் ஓரத்தைத் தின்றுவிடும். குறைத்தால் நீலச்சாயம் ஒட்டிக்கொண்டு நிற்கும். நிழல் விழுந்தால் அந்த இடம் மட்டும் கொதிக்கிற மாதிரி நெளியும். இதெல்லாம் நேரலையில், கையால், இயக்குநர் காதுக்குள் கத்திக்கொண்டிருக்கும்போது செய்ய வேண்டும். ஒருமுறை பாடகி ஒருவர் எங்கள் ஸ்டுடியோவுக்கு மயில்கழுத்து நீலப் பட்டுப்புடவையில் வந்துவிட்டார். பின்னால் கோயில் கோபுரம் போட்டிருந்தோம். ஒரு தலையும் இரண்டு கையும் மட்டும் கோபுரத்தின் மேல் மிதந்துகொண்டு தோடி பாடின.

ஆகவே ‘ஹ்ரானிதெலி’யில் நீங்கள் சிரித்த இடத்தில் எனக்கு வேறொன்று தெரிகிறது. டாம் பாம்படில் (யாரென்று பின்னால் சொல்கிறேன்) வீட்டுக் காட்சியைப் பாருங்கள். ஹாபிட்கள் சுண்டு விரல் அளவு ஆட்களாகத் தெரிய வேண்டும், வீட்டுக்காரர்கள் பெரிய உருவமாக நிற்க வேண்டும். ஒரு கேமரா தூரத்திலிருந்து ஹாபிட்களைப் பிடிக்கிறது, இன்னொன்று கிட்டத்திலிருந்து மற்றவர்களை. இரண்டையும் மிக்ஸரில் பொருத்த வேண்டும். பொருந்தவில்லை என்பது ஊருக்கே தெரிகிறது. ஆனால் நடிகர்களைப் பாருங்கள்: எதிரில் யாருமே இல்லாத இடத்தைப் பார்த்து, சரியான உயரத்தில் கண்ணை வைத்து, அத்தனை மரியாதையாகப் பேசுகிறார்கள்.

ஆண்டு விழா நாடகம் என்கிறீர்கள். அங்கே நடிப்பவர்களுக்குத் தொழில் தெரியாது. இவர்கள் மேடையிலேயே வளர்ந்தவர்கள். கையில் கருவி இல்லை, அவ்வளவுதான் குறை.

வி.ஜே., புதுச்சேரி: காசில்லை என்றால் ஏன் இந்தக் கதையை எடுக்க வேண்டும்? வீட்டுக்குள் நடக்கும் கதை ஏதாவது எடுத்திருக்கலாமே?

1991 ஏப்ரலில் அந்த ஊர் எப்படி இருந்தது என்று பாருங்கள். முந்தைய டிசம்பரிலிருந்து லெனின்கிராடில் இறைச்சி, எண்ணெய் எல்லாம் ரேஷன் கூப்பனில்தான். ஜனவரியில் திடீரென்று ஓர் இரவு 50, 100 ரூபிள் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். (நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.) ஏப்ரல் 2-ஆம் தேதி அரசே விலைகளை ஏற்றியது. அதிலிருந்து பதினோராவது நாள் ஃப்ரோடோ மோதிரத்தோடு கிளம்புகிறான். ஆகஸ்டில் ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சி, செப்டம்பரில் ஊரின் பெயரே செயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று மாறுகிறது, டிசம்பரில் நாடே இல்லை.

இதன் இன்னொரு பக்கம் என்னவென்றால், எதை எடுக்கலாம் எதை எடுக்கக் கூடாது என்று மேலிருந்து கேட்பதற்கு ஆள் குறைந்துபோன காலம் அது. அதே 1991-இல் அதே லெனின்கிராட் தொலைக்காட்சியில் செர்கேய் குர்யோகின் என்ற இசைக்கலைஞர், முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல், லெனின் காளான் தின்று தின்று கடைசியில் தானே காளானாக மாறிவிட்டார் என்று மேற்கோள்களோடு நிரூபித்தார். அதை நம்பியவர்களும் உண்டாம்! குர்யோகினும் அக்வாரியம் குழுவோடு வாசித்தவர்தான். லெனினைக் காளானாக்கத் துணிந்த நிலையம், கேண்டால்ஃபைப் பார்த்தா பயப்படப் போகிறது?

வாசகர்களும் தயாராக இருந்தார்கள். டோல்கீனின் முந்தைய கதையான ‘தி ஹாபிட்’ 1976-இலேயே ரஷ்ய மொழியில் புத்தகமாக வந்துவிட்டது. நாவலின் முதல் பாகம் 1982-இல் சுருக்கப்பட்ட வடிவில் வந்தது. அதற்கும் முன்னால் தட்டச்சுப் பிரதியாகக் கை மாறிக் கை மாறிப் படித்தவர்கள் இருந்தார்கள். எல்லாருடைய மனத்திலும் ஏற்கெனவே ஒரு காடும் ஒரு மலையும் இருந்தன. நாடகக்காரர்கள் அதை நம்பித்தான் இறங்கியிருக்க வேண்டும்.

ஜி.டி., தஞ்சாவூர்: டாம் பாம்படில் என்று ஒருவர் ஜாக்சன் படத்தில் வரவே இல்லையே. நீங்களாகச் சேர்த்துக்கொண்டீர்களா?

ஐயா, நான் சேர்க்கவில்லை, அவர்கள்தான் கழித்துவிட்டார்கள்.

நாவலில் ஃப்ரோடோவும் கூட்டாளிகளும் ஊரைவிட்டுக் கிளம்பிப் பழங்காட்டில் மாட்டிக்கொள்கிறார்கள். ஒரு வில்லோ மரம் அவர்களை விழுங்கப் பார்க்கிறது. அப்போது நீலச் சட்டையும் மஞ்சள் பூட்ஸுமாகப் பாடிக்கொண்டே ஒருவர் வருகிறார். அவர்தான் டாம் பாம்படில். காப்பாற்றி வீட்டுக்கு அழைத்துப் போகிறார். அங்கே கோல்ட்பெரி என்று ஆற்றின் மகள். சாப்பாடு, பாட்டு, தூக்கம், கதை. உலகத்தையே ஆட்டி வைக்கும் மோதிரத்தை டாம் வாங்கி விரலில் போட்டுக்கொள்கிறார், ஒன்றும் ஆகவில்லை. கண்ணுக்குக்கூட மறையவில்லை! சிரித்துக்கொண்டே திருப்பித் தந்துவிடுகிறார். அப்புறம் ஹாபிட்கள் போய்ப் பழைய கல்லறை மேட்டில் பிணப்பேயிடம் சிக்கி, மறுபடி டாம் வந்து மீட்கிறார். அவ்வளவுதான். கதை நகரவே இல்லை. டோல்கீன் தன் பிள்ளைகளின் பொம்மை ஒன்றை வைத்துப் பின்னிய ஆள் டாம். இந்த நாவலுக்குப் பல வருடம் முன்னாலேயே, 1934-இல், அவரைப் பற்றிக் கவிதை வந்துவிட்டது. கதைக்குள் வழிதவறி வந்த விருந்தாளி என்றே சொல்லலாம்.

எனவே 1978-இல் ரால்ஃப் பக்ஷியின் கார்ட்டூன் படத்தில் டாம் இல்லை. 1981-இல் பிபிசி வானொலி நாடகத்தில் இல்லை. 2001-இல் ஜாக்சன் படத்தில் இல்லை. மோதிரத்தைப் பற்றிய கதைக்கு இந்தப் பகுதி உதவவில்லை என்பதுதான் ஜாக்சன் சொன்ன காரணம். அவர் பக்கத்தில் நியாயம் இருக்கிறது. ஒவ்வொரு நிமிடத்துக்கும் அவர் கணக்குச் சொல்ல வேண்டும்.

நத்தாலியா செரெப்ரியகோவாவுக்கு அந்தக் கணக்கு இல்லை. டாம் வேடத்தில் செர்கேய் பார்ஷின், கோல்ட்பெரியாக ரெகினா லியாலெய்கிதே. இரண்டு மணி நேரம்கூட இல்லாத நாடகத்தில் இந்த விருந்துக்கும், கல்லறைப் பேய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார். போர் எடுக்கக் காசில்லை, மலை எடுக்கக் காசில்லை. ஒரு மேஜை, நாலு தட்டு, பாடத்தெரிந்த நடிகர் இருந்தால் விருந்தை எடுத்துவிடலாம். பெரிய படம் நேரத்துக்குப் பயந்து வெட்டிய இடம், சின்ன நாடகத்துக்கு மலிவாகக் கிடைத்துவிட்டது. என் பாசத்துக்குக் காரணம் இதுதான். நான் புத்தகம் படித்தபோது எனக்கு மிகப் பிடித்தது அந்த வீட்டுத் திண்ணைப் பேச்சு. அதைத் திரையில் பார்க்க 1991-ஆம் வருடத்து நீலக்கோடுதான் வழி என்றால், இருந்துவிட்டுப் போகட்டும்.

2024-இல் அமேசானின் ‘ரிங்ஸ் ஆஃப் பவர்’ தொடரின் இரண்டாம் பருவத்தில் ரோரி கினியர் டாமாக வந்தார். நன்றாகவே செய்தார். ஆனால் அங்கே டாம் ஒரு மந்திரவாதிக்குப் பாடம் நடத்துகிற வாத்தியாராகிவிட்டார். காசு போட்டவர்கள் ஆளைச் சும்மா பாட விடுவார்களா?

பி.என்., நாகர்கோவில்: முப்பது வருடம் ஒரு நிகழ்ச்சி எப்படிக் காணாமல் போகும்? பூட்டி வைக்க மாட்டார்களா?

பூட்டித்தான் வைத்திருந்தார்கள், எந்த அலமாரி என்பதுதான் கேள்வி. லெனின்கிராடுக்கு அது நல்ல காலம். பல நிலையங்களில் அலமாரியிலேயே இருந்திருக்காது. அன்றைக்கு வீடியோ டேப் மிகவும் விலை அதிகம், காலணா நிகழ்ச்சியைக் காப்பாற்றி வைப்பதைவிட அதன்மேல் அடுத்த நிகழ்ச்சியைப் பதிவு செய்வதுதான் சிக்கனம். பிபிசியே ‘டாக்டர் ஹூ’வின் ஆரம்ப கால அத்தியாயங்கள் பலவற்றை அப்படி அழித்துவிட்டு, பிறகு உலகம் முழுக்கத் தேடியது. நான் வேலை பார்த்த இடத்தில் ஒரு முழு நாட்டிய நாடகத்தின் மேல் கால்நடைக் கண்காட்சி பதிவானது. நடனமாடியவர்களில் ஒருவர் இன்னும் எங்காவது என்னைப் பார்த்தால் அந்த டேப்பைப் பற்றி விசாரிக்கிறார்.

கே.எல்., திண்டுக்கல்: டோல்கீன் இதைப் பார்த்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?

முகம் சுளித்திருப்பார் என்றே நினைக்கிறேன். 1939-இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் தேவதைக் கதைகளைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். பின்னால் விரிவாக எழுதியும் வெளியிட்டார். அதில் அவர் கட்சி கறாரானது: மாயக் கற்பனைக்கும் நாடக மேடைக்கும் ஒத்துவராது. மனிதனுக்கு மிருக வேடம் போட்டு நிறுத்தினால் கோமாளித்தனம் வரும், மாயம் வராது. சொல்லில் மட்டுமே அது உயிரோடு இருக்கும்.

ஆனால் அவருக்கு இன்னொரு முகமும் உண்டு. 1957-இல் ஹாலிவுட்டிலிருந்து சிலர் வந்து கேட்டபோது, தானும் பதிப்பாளர் ஸ்டான்லி அன்வினும் வைத்துக்கொண்ட கொள்கை ‘கலை அல்லது காசு’ என்று மகனுக்கு எழுதினார். கை நிறையக் கொடுத்தால் என்னவோ செய்துகொள்ளுங்கள், இல்லையென்றால் என் சொல்லைக் கேளுங்கள் என்ற கணக்கு. வந்த திரைக்கதை அவரைக் கொதிக்க வைத்தது. எடுத்ததற்கெல்லாம் கழுகுகளைக் கூப்பிட்டு ஆட்களை ஏற்றிவிடுகிறார்களே என்று பக்கம் பக்கமாகக் குறை எழுதினார்.

லெனின்கிராட் நாடகத்தில் அவருக்குக் காசும் கிடைத்திருக்காது. ஆனால் கதைசொல்லி ரொமானோவ் இருக்கிறாரே, அவரை மட்டும் டோல்கீன் மன்னித்திருப்பார் என்பது என் ஊகம். காட்ட முடியாத இடத்தில் நாடகம் காட்டுவதை நிறுத்திவிடுகிறது. ரொமானோவ் வந்து சொல்கிறார். மாயம் சொல்லில்தான் இருக்கிறது என்றவருக்கு அதற்குமேல் என்ன வேண்டும்?

டி.எம்., வேலூர்: மாயக் கோட்டையையும் பயங்கரக் குகையையும் காட்டாமல் ‘சொல்லிவிட்டுப் போவது’ சோம்பேறித்தனம் இல்லையா?

சில இடங்களில் ஆமாம். மோதிரத்தை என்ன செய்வது என்று எல்ராண்ட் என்பவர் கூட்டும் ஆலோசனைக் கூட்டத்தில் எனக்கே கண் சொருகியது. ஆட்கள் உட்கார்ந்து பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். புத்தகத்திலும் அப்படித்தான் என்று நீங்கள் கேட்டால் என்னிடம் பதில் இல்லை.

எஸ்.பி., மதுரை: இதைவிட மலிவான டோல்கீன் படம் இருக்கிறதா?

இருக்கிறது, அந்தக் கதை படத்தைவிட ஜோர்.

வில்லியம் ஸ்னைடர் என்ற அமெரிக்கத் தயாரிப்பாளர் 1960-களில் ‘தி ஹாபிட்’ பட உரிமையைக் கொஞ்சக் காசுக்கு வாங்கி வைத்திருந்தார். நிபந்தனை: 1966 ஜூன் 30-க்குள் வண்ணப்படம் ஒன்று எடுத்தாக வேண்டும், இல்லாவிட்டால் உரிமை போய்விடும். பிராகில் இருந்த ஜீன் டைச் என்ற கார்ட்டூன் இயக்குநர் அவருக்காக முழுநீளப் படம் எழுதிக்கொண்டிருந்தார். பணம் திரளவில்லை, வேலை இழுத்துக்கொண்டே போனது. இதற்குள் அமெரிக்காவில் டோல்கீன் புத்தகங்கள் மலிவுப் பதிப்பில் வந்து கல்லூரிப் பிள்ளைகளிடம் தீயாய்ப் பரவிவிட்டன. உரிமையின் விலை எங்கேயோ போய்விட்டது.

ஸ்னைடர் ஒப்பந்தத்தைத் திரும்பப் படித்தார். வண்ணப்படம் என்று இருந்ததே தவிர எவ்வளவு நீளம் என்று எங்கேயும் இல்லை! டைச்சைக் கூப்பிட்டு, ஒரு மாதத்துக்குள் பன்னிரண்டு நிமிடப் படம் வேண்டும் என்றார். அசையும் ஓவியத்துக்கெல்லாம் நேரமில்லை. அடோல்ஃப் போர்ன் என்ற செக் ஓவியர் வரைந்து தள்ளினார். டைச் அந்த ஓவியங்களின்மேல் கேமராவை ஊர விட்டு, கதையைப் பின்னணிக் குரலில் சொல்ல வைத்தார். கதையும் எப்படி? ஓர் இளவரசி வருகிறாள், கடைசியில் கதாநாயகன் பில்போ அவளைக் கட்டிக்கொள்கிறான். டிராகனின் பெயர் ஸ்மாக் இல்லை, ஸ்லாக்.

கெடு தேதியன்று டைச் சுருளோடு நியூயார்க்கில் இறங்கினார். மன்ஹாட்டனில் ஒரு சின்னத் திரையிடல் அறை. தெருவில் போய்க்கொண்டிருந்தவர்களைக் கூப்பிட்டு, ஆளுக்குப் பத்து செண்ட் நாணயம் ஒன்றை இவர்களே கையில் கொடுத்து, அதையே நுழைவுக் கட்டணமாகத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். காசு கொடுத்துப் படம் பார்த்தேன் என்று அவர்களிடம் கையெழுத்தும் வாங்கினார்கள். நிபந்தனை நிறைவேறியது, உரிமை தப்பியது. அதைப் பிறகு ஏறக்குறைய ஒரு லட்சம் டாலருக்கு ஸ்னைடர் விற்றார் என்று டைச் எழுதியிருக்கிறார். டைச்சுக்கு அதில் என்ன கிடைத்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அந்தப் பன்னிரண்டு நிமிடம் இப்போது இணையத்தில் கிடைக்கிறது. ஓவியங்கள் உண்மையிலேயே அழகு, அதற்காக மட்டும் பார்க்கலாம்.

ஆர்.வி., காரைக்குடி: ரஷ்யாக்காரர்கள் ‘தி ஹாபிட்’டையும் விட்டுவைக்கவில்லையாமே?

1985-இல், அதே லெனின்கிராட் தொலைக்காட்சி. தலைப்பே ரயில் மாதிரி நீளம், முழுக்க எழுதினால் இந்தப் பத்தி தீர்ந்துவிடும். பில்போவாக மிகயீல் தனீலோவ். ஸினோவி கெர்த் என்ற அருமையான நடிகர் ‘பேராசிரிய’ராக, அதாவது டோல்கீனாகவே வந்து கதை சொல்கிறார். டிராகன் ஒரு பொம்மை, ஒளிவுமறைவே இல்லாத பொம்மை. பூதங்களும் சிலந்திகளுமாக பாலே கலைஞர்கள் ஆடுகிறார்கள். லெனின்கிராடில் பாலே ஆடத்தெரிந்தவர்களுக்கா பஞ்சம்? கையில் இருந்ததை வைத்துச் சமாளித்திருக்கிறார்கள். சிலந்திச் சண்டையை நடனமாகப் பார்ப்பது முதல் நிமிடம் வேடிக்கை, இரண்டாவது நிமிடம் சரிதானே என்று ஆகிவிடுகிறது.

உபரித் தகவல்: 1976 ரஷ்யப் பதிப்புக்குப் படம் வரைந்த மிகயீல் பெலொம்லின்ஸ்கி, எவ்கேனி லியோனோவ் என்ற நகைச்சுவை நடிகரின் முகத்தை வைத்து பில்போவை வரைந்தார். உருண்டை முகம், கால் முழுக்க ரோமம். ஒரு தலைமுறை ரஷ்யக் குழந்தைகளுக்கு பில்போ என்றால் அந்த முகம்தான்.

ஓர் அம்மா, அம்பத்தூர்: என் பையனுக்குப் பத்து வயது. இதைக் காட்டலாமா?

கதையை நீங்கள் முதலில் சொல்லிக்கொடுத்தால் காட்டலாம். வசனம் முழுக்க ரஷ்ய மொழி. கதை தெரிந்த குழந்தைக்கு அது ஒரு தடையே இல்லை. பயமுறுத்தும் காட்சி ஒன்றும் கிடையாது, பேய்கூடச் சாதுவாகத்தான் இருக்கிறது.

ஏ.ஜே., சென்னை: காட்சித் தொடர்பியல் படிக்கிறேன். நண்பர்கள் சேர்ந்து குறும்படமாக ஒரு மாயக்கதை எடுக்க இருக்கிறோம். பட்ஜெட் சொன்னால் சிரிப்பீர்கள். ஏதாவது சொல்லுங்கள் மேடம்.

சிரிக்க மாட்டேன். 2009-இல் கிறிஸ் பௌசார்ட் என்ற ஆங்கிலேய இளைஞர் ‘தி ஹன்ட் ஃபார் கோலம்’ என்று சுமார் நாற்பது நிமிடப் படம் எடுத்தார். (இது வாசல் கோலம் அல்ல, மோதிரத்துக்காக அலையும் ஒரு விகாரப் பிராணியின் பெயர்.) செலவு 3,000 பவுண்டுக்குள். எல்லாரும் சம்பளமில்லாமல் வேலை செய்தார்கள். வேல்ஸ் மலையிலும் லண்டன் ஓரத்து எப்பிங் காட்டிலும் போய் எடுத்தார்கள். லாபம் பார்க்க மாட்டோம் என்று உறுதி கொடுத்து இணையத்தில் இலவசமாக விட்டார்கள். பல லட்சம் பேர் பார்த்தார்கள். வேடிக்கை கேளுங்கள்: 2024-இல் வார்னர் பிரதர்ஸ் அதே பெயரில் பெரிய படம் அறிவித்ததும், யூடியூபிலிருந்து இந்த ரசிகர் படம் தூக்கப்பட்டது. ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள், திரும்ப வந்துவிட்டது.

அந்தப் படத்தில் நீங்கள் கவனிக்க வேண்டியது கோலத்தை எவ்வளவு கொஞ்சமாகக் காட்டுகிறார்கள் என்பதை. பெரும்பாலும் ஒரு சாக்குதான், உள்ளே ஏதோ துள்ளுகிறது. கணினியில் செய்த கோலம் கொஞ்ச நேரம்தான்.

என் அனுபவத்தில் சொல்வதானால், முதல் பணத்தை ஒலிக்குப் போடுங்கள். படம் மங்கலாக இருந்தால் பார்ப்பவர் பொறுத்துக்கொள்வார், வசனம் கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். அரக்கனைக் காட்டாதீர்கள், அரக்கனைப் பார்த்தவனின் முகத்தைக் காட்டுங்கள். நல்ல நாடக நடிகர் ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். மேடையில் வெறும் கையால் கதவைத் திறந்து பழகியவருக்கு நீலத்திரை ஒரு பொருட்டே இல்லை. போர்க்களம் எழுதியிருந்தால் அடித்துவிட்டு, போருக்கு முந்தின ராத்திரி சாப்பாட்டை எழுதுங்கள். உடைக்கு நீலமோ பச்சையோ வேண்டாம் என்று ஆடை பார்ப்பவரிடம் இரண்டு முறை சொல்லுங்கள். மூன்று முறை சொன்னாலும் தப்பில்லை.

சி.ஆர்., கோயம்புத்தூர்: அந்த லெனின்கிராட்காரர்கள் உரிமை வாங்கித்தான் எடுத்தார்களா? நாமும் தமிழில் இந்தக் கதையை எடுக்கலாமா?

வாங்க வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. சோவியத் யூனியன் 1973 மே 27-ஆம் தேதிதான் உலகப் பதிப்புரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. அதற்கு முன்னால் வெளிநாட்டில் வெளியான புத்தகங்களுக்கு அங்கே பாதுகாப்புக் கிடையாது. நாவல் வெளியானது 1954, 55-இல். ஆகவே சட்டப்படி அது அவர்களுக்குப் பொதுச்சொத்து.

நமக்கு அப்படி இல்லை. இந்தியச் சட்டத்தில் எழுத்தாளர் இறந்த வருடம் முடிந்ததிலிருந்து 60 வருடம். டோல்கீன் இறந்தது 1973 செப்டம்பரில், ஆக 2033 கடைசிவரை உரிமை உண்டு. பிரிட்டனில் 70 வருடம், 2043 வரை. அவர் இறந்த பிறகு வெளிவந்த புத்தகங்களுக்கு வேறு கணக்கு, அவற்றைத் தொடாதீர்கள். பெயர்கள் பலவற்றுக்கு வணிகக் குறியீட்டு உரிமையும் வைத்திருக்கிறார்கள், ஒரு வக்கீலைப் பார்க்காமல் இறங்க வேண்டாம். எடுத்தாலும் இந்தியாவுக்குள் காட்டலாம், லண்டனில் காட்ட முடியாது.

2034 ஜனவரிக்கு இன்னும் வருடங்கள் இருக்கின்றன. டாம் பாம்படிலுக்குப் பாடத்தெரிந்த ஆளாக இப்போதே பார்த்து வையுங்கள், கிடைத்தால் எனக்கும் எழுதுங்கள்.